அக்காவின் தண்ணீர்க் குரல்

அக்கா என்னைவிட ரொம்பவே மூத்தவர். ஆனாலும் என்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். ஜொகூரில், மாசாயில் எங்கள் வீட்டு வரிசையில் அடுத்த வீடு அவருடைய அண்ணன் வீடு. அக்கா அங்கேதான் இருந்தார். பாசிர் கூடாங்கில் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும், "உக்காரலாமா?" என்று கேட்ட பிறகுதான் உட்காருவார். லைன் லீடர் தன் தப்பை அவர் தலையில் கட்டினால் "சரி தம்பி" என்பார். அண்ணி ஒரு வாரத்து அழுக்குத் துணியை அவருடைய லீவு நாளுக்கென்றே மூட்டை கட்டி வைத்தால் "சரி அண்ணி." அண்ணன் எதைச் சொன்னாலும் "சரிண்ணே." அந்தச் சரியைக் கேட்டுக் கேட்டு எனக்கே சில நாள் எரிச்சல் வரும்.

அந்த அக்காதான், நான் முதல்முறை அவர் படகில் ஏறிய அன்று, "குனிடீ!" என்று கத்தினார்.

ஏன் என்று கேட்காமல் குனிந்துவிட்டேன். பாயின் அடியில் கட்டியிருக்கும் நீளமான கழி, என் தலை இருந்த இடத்தை வெட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இடித்து நின்றது. படகு மறுபக்கம் சாய்ந்தது. 

"என்னக்கா இப்படிக் கத்துறீங்க?"

"தண்ணியில ரெண்டாவது தடவ சொல்ல நேரம் கெடைக்காது. இந்தப் பக்கம் வந்து ஒக்காரு. கால மடக்கு. அந்தக் கயித்து மேல மிதிக்காத."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதுகு நிமிர்ந்திருந்தது. ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாய்க்கயிறு. கண் என்மேல் இல்லை. தூரத்தில் தண்ணீர் கறுத்துச் சுருங்குகிற இடத்தில் இருந்தது. அங்கேதான் காற்று வருகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கரைக்கு வந்து, படகு கட்டும் ஜெட்டிப் பலகையில் கால் வைத்ததும், "ரொம்ப பயந்துட்டீங்களா? மன்னிச்சிருங்கம்மா. தேத்தண்ணி வாங்கித் தரவா?" என்றார். தோள்கூட பழையபடி இறங்கிவிட்டது.

கோங் கோங் என்கிற அந்த மீனவர் கிராமத்தில் ஜெட்டியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மலாய்க்கார மீனவர். பாக் சூ என்று எல்லோரும் கூப்பிடுவோம். அவர் வலையை உதறிக்கொண்டே என்னிடம் மலாயில் சொன்னார்: "தரையில ஒருத்தி, தண்ணியில ஒருத்தி. தண்ணியில இருக்கறவளை நான் நம்புவேன். தரையில இருக்கறவ எதைக் கேட்டாலும் சரிங்கிறா, எதுக்கு உண்மையில சரின்னு தெரிய மாட்டேங்குது."

படகு அக்காவுக்கு வந்த கதை சின்னது. தொழிற்சாலையில் ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் இருந்தார். விருப்பப்பட்ட தொழிலாளிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்ப்படகில் கூட்டிப்போவார். ஆரம்பத்தில் பெரிய கூட்டம் போனது. வாந்தி எடுத்து, வெயிலில் தோல் உரிந்து, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் அக்கா மட்டும் மிஞ்சினார். அந்த மனிதர் ஊருக்குத் திரும்பும்போது படகை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நாலு பேர் உட்காரலாம். முன்பக்கம் ஒரு ஆள் ஊர்ந்துபோய்ப் படுக்க ஒரு பொந்து. பின்பக்கம் தொங்கிக்கொண்டு ஒரு சின்ன மோட்டார். அதை ஜெட்டியைவிட்டுக் கிளம்பவும் வந்து சேரவும் தவிர அக்கா தொடமாட்டார்.

தரையிலும் அவர் பாதி தண்ணீரில்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். தேநீர் இடைவேளையில் எல்லோரும் கைப்பேசியைப் பார்ப்போம். அக்கா வாசலில் நின்று தொழிற்சாலைக் கொடி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். வீட்டில் துணிக்கொடிக்கு அவர் போட்ட முடிச்சை அண்ணியால் அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்துவிட்டாராம். "சாதா முடிச்சு போடக்கூடாதா?" என்று அண்ணி கேட்டதற்கும் "சரி அண்ணி"தான்.

அண்ணனைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அப்பா இறந்த பிறகு தங்கையையும் கூட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து மாசாய்க்கு வந்து, லோரி ஓட்டி அவரை ஆளாக்கியவர். ஆனால் அவருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை இரண்டு பேர் வாயிலும் நான் கேட்டிருக்கிறேன்.

அக்கா படகில் வைத்துச் சொன்னது: "எங்க எஸ்டேட்டு லாயாங் லாயாங் பக்கம். கடல்னா என்னன்னே தெரியாது. ரெண்டு நீலப் பீப்பாயக் கட்டி தண்ணிக் குளத்துல எறங்குனேன். நடுவுல போனதும் மழ புடிச்சிக்கிச்சி. துடுப்பும் கைய விட்டுப் போயிருச்சு. ஒரு செம்பன மரத்து மட்ட மெதந்து வந்துச்சு. அதத் தூக்கி நட்டமாப் புடிச்சேன். காத்து தள்ளுச்சு பாரு! நான் சும்மா புடிச்சிக்கிட்டு இருந்தேன், அது என்னைக் கொண்டுபோயி அக்கரையில விட்டுச்சு. அன்னிக்குப் புடிச்ச பித்து."

அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னது: "நான் இந்தக் கரையில நிக்கிறேன். நீந்தத் தெரியாது. மழையில ஆளே தெரியல. பேரச் சொல்லிக் கத்துறேன். அவ திரும்பிக்கூடப் பாக்கல. அந்தப் பக்கமே போயிக்கிட்டு இருக்கா. குளத்தச் சுத்தி ஓடுனேன், முள்ளு, சேறு. போயிப் பாத்தா சிரிச்சிக்கிட்டு நிக்கிறா. எனக்கு அடிக்கறதா அழறதான்னு தெரியல."

ஒருநாள் அண்ணன் தானும் படகில் வருவதாகச் சொன்னார். சொந்தக்காரர்கள் ஏதோ பேசியிருக்கிறார்கள்: கல்யாணமாகாத பெண் லீவு நாளில் தனியாகக் கடலுக்குப் போய் என்ன செய்கிறாள் என்று. "சும்மா பாக்க வர்றேன் லா. என்னதான் இருக்குன்னு தெரிஞ்சிக்கறேன்" என்றார். அக்காவுக்குச் சந்தோஷம். முந்தின நாளே படகைத் தேய்த்துக் கழுவினார். என்னையும் வரச் சொன்னார்.

காலையில் கிளம்பும்போது தண்ணீர் எண்ணெய்போல் கிடந்தது. அண்ணன் பாய்மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜொகூர் ஆறு கடலோடு சேரும் இடத்தில் பெரிய எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. காற்று மெதுவாக வந்து பாயை நிரப்பியது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கையை எடுத்தார். சிரிக்கக்கூடச் செய்தார். வேர்க்கிறது என்று மிதவைச் சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

அக்கா மேற்கே பார்த்தார். தொழிற்சாலைகளுக்கு மேலே வானம் ஒரே கோடாகக் கறுத்திருந்தது.

"அண்ணே, சட்டையப் போடு."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். தங்கை அவரை 'போடு' என்று சொன்னது அதுதான் முதல்முறையாக இருக்க வேண்டும். முகம் சிவந்தது.

"பொறு லா. மழதானே."

"போடுன்னா போடு! சுமத்ரா காத்து வருது!"

அக்கா ஒரு கயிற்றை அவிழ்த்துப் பெரிய பாயைப் பாதிக்கு இறக்கிக் கட்ட ஆரம்பித்தார். அதற்குள் அந்தப் புயல்காற்று வந்துவிட்டது. முதலில் குளிர், பிறகு சத்தம், பிறகு யாரோ பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியதுபோல் படகு சாய்ந்தது. அண்ணனின் மிதவைச் சட்டை நழுவியது. அதைப் பிடிக்க அவர் எழுந்து நின்றார். "நிக்காத!" என்று அக்கா கத்தியது எனக்குக் கேட்டது. அடுத்த நொடி அவர் படகில் இல்லை.

அக்கா மிதவை வளையத்தைத் தூக்கி எறிந்தார். பிறகு என் தாடையைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினார்.

"அண்ணன் தலையப் பாரு. கைய நீட்டிக் காட்டிக்கிட்டே இரு. என்ன நடந்தாலும் கண்ண எடுக்காத. ஒனக்கு வேற வேலையே இல்ல."

நான் கையை நீட்டினேன். அண்ணன் வளையத்தைப் பிடித்துவிட்டார்; தலை தெரிந்தது. ஆனால் படகு அவரை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. அக்கா அவரை நோக்கித் திருப்பவில்லை. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக ஓட்டினார்.

"அக்கா! அண்ணன் இங்க இருக்காரு! எங்க போறீங்க?"

"வாய மூடு. கைய நீட்டு."

"மோட்டாரப் போடுங்கக்கா!"

"அதோட விசிறி அவர் கால வெட்டிரும். கைய நீட்டுடீ!"

மழை கண்ணில் ஊசிபோல் குத்தியது. அண்ணன் வாயைத் திறந்து எதையோ கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. ஓர் அலை எழுந்தது. அலைக்குப் பிறகு தலை இல்லை. என் கை வெறும் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தது. அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்னோர் அலை இறங்கியதும், கறுப்பாக ஏதோ, பிறகு ஆரஞ்சு வளையம். "அங்க!" என்று அலறினேன்.

அப்போதுதான் அக்கா படகைத் திருப்பினார். பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. காற்று வரும் பக்கத்துக்கு மூக்கைக் காட்டியபடி படகு வேகம் இழந்து, இழந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய நின்றேவிட்டது. அக்கா ஒரு கயிற்றை வளையமாகக் கட்டி அவர் அக்குளுக்கடியில் மாட்டினார். நாங்கள் இருவரும் இழுத்தோம். அவர் உள்ளே விழுந்தார். கண் திறந்திருந்தது.

ஜெட்டியில் பாக் சூ அவர்மேல் ஒரு துண்டைப் போர்த்தினார். அண்ணன் நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தார். பேச்சு வந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "என்னை விட்டுட்டுப் போனா. நான் பாத்தேன். அந்தப் பக்கமே போனா."

 அக்கா ஈரச் சுருள்முடி முகத்தில் ஒட்ட, தலைகுனிந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நேரா வந்திருந்தா படகு உங்க மேலயே ஏறியிருக்கும். தள்ளிப் போயித்தான் திருப்பி நிறுத்த முடியும். அவங்க இல்லன்னா நீங்க இப்ப இங்க இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "நீ போட்டுக்குள்ள இருந்தம்மா. நான் தண்ணியில இருந்தேன்" என்றார்.



"இந்தப் போட்ட வித்துரு" என்றார் அக்காவிடம்.

"சரிண்ணே."

வடக்கே, மெர்சிங் கடற்கரையில் சாலே என்கிற சுற்றுலா விடுதி வைத்திருந்த ஒருவர் வாங்க ஒத்துக்கொண்டார். மழைக்காலம் தொடங்குவதற்குள் வேண்டும் என்றார். லோரியில் ஏற்றி அனுப்பலாம் என்று அண்ணன் ஏற்பாடு பண்ணினார். "நானே ஓட்டிக்கிட்டுப் போயி விட்டுர்றேண்ணே" என்று அக்கா ஒரே ஒருமுறை கேட்டுப்பார்த்தார். அண்ணன் முறைத்தார். "சரிண்ணே" என்றார் அக்கா.

இரண்டு நாள் கழித்துக் காலையில் எனக்குக் கைப்பேசியில் செய்தி வந்தது. "படகோட நேத்தே கிளம்பிட்டேன். பெங்கெராங் தாண்டியாச்சு. அண்ணன்கிட்ட நீ சொல்லிரு." அண்ணன் வீட்டில் அவர் இரவு வேலைக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் கத்தவில்லை. கார்ச் சாவியை எடுத்தார். "நீயும் வாம்மா. உனக்குத்தான் அது தெரியும், எனக்கு எதப் பாக்கறதுன்னுகூடத் தெரியாது" என்றார்.

கடற்கரையை ஒட்டி வடக்கே போனோம். தேசாருவில் இறங்கிப் பார்த்தோம்; வெறும் கடல். தஞ்சோங் பாலாவில் மறுபடி இறங்கினோம். காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கியிருந்தது. சவுக்கு மரங்கள் எல்லாம் நிலத்தின் பக்கம் சாய்ந்து ஊளையிட்டன. மறுபடி காரில் ஏறினோம். பிறகு அண்ணன் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "அவ எதுக்கும் மாட்டேன்னு சொன்னதே இல்லம்மா. ஒரு தடவ சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

செடிலி ஆற்று முகத்தில்தான் அவரைப் பார்த்தோம். மதியம் தாண்டியிருந்தது. சாம்பல்நிறக் கடலில் ஒரு வெள்ளைத் துணுக்கு. ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது. ஆறு கடலில் சேரும் இடத்தில் அலைகள் மேடுகட்டி உடைந்துகொண்டிருந்தன. மீன்பிடிப் படகுகள் எல்லாம் உள்ளே வந்து கட்டப்பட்டிருந்தன. கரையில் நின்ற மீனவர்கள் அந்தப் பாயைப் பார்த்துவிட்டு, யார் இந்தப் பைத்தியம் என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

அண்ணன் கைப்பேசியில் அழைத்தார். எடுத்துவிட்டார் அக்கா. காற்றுச் சத்தம் எனக்கே கேட்டது.

"உள்ள வா! ஆத்துக்குள்ள வந்துரு! நான் இங்கதான் நிக்கிறேன்!"

"வரமாட்டேண்ணே."

"என்னது?"

"வாசல்ல அல ஒடயுது. உள்ள வந்தா கவுந்துருவேன். வெளிய ஆழத்துல இருக்கறதுதான் எனக்கு நல்லது. போன வையி, எனக்குக் கை ரெண்டும் வேணும்."

அண்ணன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார். வெள்ளைத் துணுக்கு திரும்பியது. கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலுக்குள் போனது. அண்ணன் கற்களின்மேல் முன்னே ஓடினார். அலைத்தூவல் முழங்கால்வரை நனைத்தது. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பாய் மறைந்தது. ஒரு வயதான மீனவர் மட்டும், "அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அதை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்: "அப்படித்தான சொன்னாரு? செய்வேன்னுதான சொன்னாரு?"

அதன் பிறகு அழைப்பு போகவில்லை. மெர்சிங் போய்க் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. விடிந்து, கடல் சற்று அடங்கி, வெயில் ஏறியும் ஒன்றும் வரவில்லை. கடல் காவல் அலுவலகத்தில் சொல்லிவைத்துவிட்டு வந்தோம். படகு வாங்குகிறவரும் ஜெட்டிக்கு வந்து சேர்ந்தார். அண்ணன் கடலைப் பார்த்தபடியே நின்றார்.

நீரேற்றம் முழுதாக நின்றிருந்த நேரத்தில், தீவுகளுக்குப் போகும் படகுகளுக்கு நடுவே அக்காவின் படகு ஆற்றுக்குள் வந்தது. பாயில் ஒரு கிழிசல். ஜெட்டியின் கட்டைக்குப் பக்கத்தில் வந்து கயிற்றை எறிந்தார். நான் பிடித்துக் கட்டினேன். உதடு உப்பில் வெடித்திருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் எழவில்லை. படகு அப்போது ஜெட்டிப் பலகையின் உயரத்துக்கு மிதந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும்.

அண்ணன் கையை நீட்டினார். "எறங்கு."

"மாட்டேன்."

"போதும்மா. எறங்கி வா, வீட்டுக்குப் போலாம்."

"எறங்க மாட்டேண்ணே. எறங்குனா சரின்னு சொல்லிருவேன்."

 பக்கத்துப் படகில் யாரோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சுக்கானை விடாமலே பேசினார்.

"இத நான் விக்கல. நான் இங்கயே இருக்கப் போறேன். தீவுக்கு ஆளு ஏத்துற கம்பெனியில போட்டு ஓட்ட ஆளு கேக்கறாங்க, பாக் சூ சொல்லி வெச்சிருக்காரு. உன்மேல எனக்குக் கோவம் இல்லண்ணே. நீ தண்ணியில இருந்தப்ப நான் அந்தப் பக்கம் போனேன். ஒனக்கு எப்படி இருந்திருக்கும்னு நேத்து முழுக்க நெனச்சேன். ஆனா மறுபடி அப்படி நடந்தாலும் அப்படித்தான் போவேன். வேற வழி இல்ல."

வாங்க வந்தவர், "அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்று எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு காருக்குப் போனார். அண்ணன் நீட்டிய கையை மெதுவாக மடக்கினார். அவரும் நடந்து போய்விட்டார். காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

பிறகு அக்கா மெர்சிங்கிலேயே தங்கிவிட்டார். நானும் வேலை மாறி செனாய் வந்துவிட்டேன். ஒருமுறை தியோமான் தீவுக்குப் போகும்போது அவர் ஓட்டிய படகிலேயே ஏறினேன். நின்றுகொண்டிருந்த பயணிகளை எல்லாம் உட்காரச் சொல்லி அவர் போட்ட சத்தத்தில் நானும் உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்த மெர்சிங் மதியம்தான் முதலில் வரும்.

அன்று அண்ணன் கிளம்பவில்லை. நெடுநேரம் கழித்துக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறும், பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணியுமாகத் திரும்பி வந்தார். அதற்குள் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. படகு இறங்கிக்கொண்டே போனது. நின்றபடி கொடுக்க எட்டவில்லை. மண்டியிட்டுப் பார்த்தார், எட்டவில்லை. கடைசியில் அந்த ஈரப் பலகைமேல் குப்புறப் படுத்தார். ஒரு கையால் ஜெட்டிக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மறு கையில் பொட்டலத்தைத் தண்ணீருக்கு மேலே நீட்டினார்.

அக்கா எழுந்து வாங்கிக்கொண்டார். படகிலேயே உட்கார்ந்து வேகவேகமாகச் சாப்பிட்டார். தேத்தண்ணியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சீனி அதிகம்ணே. இன்னொண்ணு வாங்கிட்டு வா. சீனி கொறச்சு."

அண்ணன் சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கொறச்சா, இல்ல போடவே வேணாமா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கடைக்கு நடந்தார்.